நிறுவனத்தின் மௌனமும் மாணவரின் குரலும்

(நமது ஜமாஅத்தின் கல்வி ஊக்கப் பரிசளிப்பு நிகழ்ச்சியில் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

  

பரிசளிப்பு நிகழ்ச்சியில் இமாம் பேசுகிறார் என்றால் கல்வியின் சிறப்பைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறேன். நீங்களும் பொறுமையோடு கேட்டிருக்கிறீர்கள். இன்று அதிலிருந்து சற்று விலகி, என் மனத்தில் சில காலமாக உறுத்திக் கொண்டிருக்கும் ஒரு செய்தியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

2022 டிசம்பரில், சிறுபான்மைச் சமுதாயங்களைச் சேர்ந்த ஆய்வு மாணவர்களுக்கு வழங்கப்பட்டு வந்த மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையை இனித் தொடரப் போவதில்லை என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. பிற உதவித்திட்டங்களோடு இது ஒன்றன்மீது ஒன்றாக அமைகிறது என்பது அரசு கூறிய காரணம். அக்காலத்தில் நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இஷாத் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், எங்கள் பல்கலைக்கழகம் இதை எதிர்த்து அரசுக்கு எழுத வேண்டும் என்று மாணவர்கள் சேர்ந்து நிர்வாகத்திடம் மனு கொடுக்கப் போகிறோம். நானும் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, நமக்கேன் வம்பு? நீங்கள் எழுதினால் அரசு மாறிவிடுமா? வாப்பா கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறார், படிப்பைக் கவனியுங்கள்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஸலாம் கூறிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அவர் போன விதம் எனக்கு உறக்கம் தரவில்லை. ஆலோசனை கேட்டு வந்தவருக்கு நான் ஆலோசனை கூறவில்லை. என்னுடைய அச்சத்தைத்தான் அவர் கையில் கொடுத்து அனுப்பினேன் என்று பின்னர் உணர்ந்தேன்.

அந்த அரசாணை சரியா தவறா என்று தீர்ப்புக் கூற நான் இங்கே நிற்கவில்லை. அந்த இளைஞர் கேட்ட கேள்வியின் அடியில் இன்னொரு கேள்வி இருந்தது. அரசின் கொள்கை ஒன்று மக்களில் ஒரு பிரிவினரை ஒதுக்கி வைக்கிறது என்று மாணவர்கள் கருதினால், தாங்கள் பயிலும் நிறுவனத்தை நோக்கி "நீங்கள் வாய் திறவுங்கள்" என்று கேட்பது முறையா? அதனால் பயன் உண்டா? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது, தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு வரலாறு என் கண்ணில் பட்டது. அதைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

கல்விக்கூடத்தின் வாசலில் நிறம் பார்த்த சட்டம்

அன்பிற்குரியவர்களே! தென்னாப்பிரிக்கா நமக்கு முற்றிலும் அந்நியமான மண் அன்று. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதுமுதல் நம் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் ஏழைகள் கரும்புத் தோட்டக் கூலிகளாக அங்கே சென்றார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

அந்நாட்டில் 1948ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, நிறவெறியையே அரசின் கொள்கையாக ஆக்கியது. வசிக்கும் தெரு, ஏறும் பேருந்து, மணமுடிக்கும் துணை ஆகிய அனைத்தையும் தோலின் நிறமே முடிவு செய்தது. இறுதியில் அந்தக் கை பல்கலைக்கழகத்தின் வாசலுக்கும் நீண்டது.

அப்போது கேப் டவுன் பல்கலைக்கழகமும் ஜொஹானஸ்பர்க்கிலுள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகமும் கறுப்பர், இந்தியர், கலப்பினத்தவர் ஆகியோரையும் மாணவர்களாகச் சேர்த்து வந்தன. அங்கும் முழுச் சமத்துவம் நிலவியது என்று கூற முடியாது. வகுப்பறையில் அருகில் அமரலாம். விளையாட்டிலும் விருந்திலும் சேர்ந்து நிற்க இயலாது. ஆயினும் அந்த வகுப்பறை வாசலாவது திறந்திருந்தது. அதையும் அடைப்பதற்கு அரசு திட்டமிட்டபோது, 1957ஆம் ஆண்டு அவ்விரு பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கள் கல்வி அங்கிகளை அணிந்து வீதியில் ஊர்வலமாக நடந்தார்கள். யாருக்குக் கற்பிப்பது, யார் கற்பிப்பது, எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது என்பவற்றைப் பல்கலைக்கழகமே முடிவு செய்ய வேண்டும் என்பது, கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் முந்தைய துணைவேந்தர் டி.பி. டேவி வகுத்துத் தந்த கொள்கை. அந்தக் கொள்கையைத்தான் அவர்கள் உயர்த்திப் பிடித்தார்கள்.

ஆனால் அரசு பின்வாங்கவில்லை. 1959ஆம் ஆண்டு, 'பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம்' என்ற பெயரில் அது நிறைவேற்றப்பட்டது. பெயரைக் கவனியுங்கள்! செய்தது சுருக்கம், சூட்டிய பெயர் விரிவாக்கம். அமைச்சரின் அனுமதியின்றி வெள்ளையரல்லாத மாணவர் எவரும் அப்பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேர முடியாது என்றாயிற்று. ஸூலு மக்களுக்கு ஒன்று, வடபகுதிக் கறுப்பர்களுக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று என்று இனவாரியாகக் கல்லூரிகள் பிரிக்கப்பட்டன.

நம்மவர்களுக்கு, அதாவது இந்தியர்களுக்கு, எங்கே கல்லூரி அமைத்தார்கள் தெரியுமா? டர்பன் துறைமுக விரிகுடாவில் உள்ள ஸாலிஸ்பரி தீவில். கடற்படையினர் பயன்படுத்திக் கைவிட்ட பழைய கட்டிடங்களில் 1961ஆம் ஆண்டு அது தொடங்கப்பட்டது. கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் கல்வி பெறுவதற்குப் படகேறிக் கடல் நீரைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. ஒரு சமுதாயத்தை ஒதுக்கி வைப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேறென்ன வேண்டும்?

ஒரு நியமனமும் ஒன்பது நாட்களும்

இனி நான் சொல்ல வந்த நிகழ்வுக்கு வருகிறேன். ஆர்ச்சி மாஃபேஜே என்பவர் கிழக்குக் கேப் பகுதியின் ஒரு சிற்றூரில் 1936ஆம் ஆண்டு பிறந்த கறுப்பினத்தவர். கேப் டவுன் பல்கலைக்கழகத்திலேயே பயின்று பட்டங்கள் பெற்றார். மானிடவியல் பேராசிரியை மோனிகா வில்சனுடன் இணைந்து, கேப் டவுனை ஒட்டிய 'லாங்கா' என்னும் கறுப்பர் குடியிருப்பைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு நூல் 1963ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சென்று ஆய்வைத் தொடர்ந்தார்.

1968ஆம் ஆண்டு கேப் டவுன் பல்கலைக்கழகம், சமூக மானிடவியல் துறையில் முதுநிலை விரிவுரையாளர் பதவிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது. தகுதியின் அடிப்படையில் நடந்த தேர்வு அது. கறுப்பினத்தவர் ஒருவரை ஆசிரியராக நியமிக்கக் கூடாது என்று அன்றைய சட்டத்தில் ஒரு விதிகூட இல்லை. 1959ஆம் ஆண்டின் சட்டம் மாணவர் சேர்க்கையைப் பற்றித்தான் பேசியது.

ஆனால் அரசு சினம் கொண்டது. கல்வி அமைச்சராக இருந்த யான் டி கிளர்க், நியமனத்தைக் கைவிடாவிட்டால் அரசு தலையிடும் என்று எச்சரித்தார். இந்த இடத்தில்தான், சகோதரர்களே, நாம் நின்று சிந்திக்க வேண்டும். சட்டம் தடுக்கவில்லை, மிரட்டல் ஒன்றே வந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அங்கி அணிந்து வீதியில் நடந்த அதே பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு, இம்முறை தலை குனிந்து நியமனத்தை ரத்துச் செய்தது. ஒரு நிறுவனத்தின் துணிவு எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதற்கு இது சான்று. நேற்று எதிர்த்து நின்றவர்கள் இன்றும் நிற்பார்கள் என்று நாம் வாளாவிருந்துவிட முடியாது.

அப்போது வாய் திறந்தவர்கள் மாணவர்கள். 1968 ஆகஸ்ட் மாதத்தின் நடுவில் அவர்கள் கூட்டம் கூட்டிக் கண்டனம் தெரிவித்தார்கள். பின்னர் ஏறத்தாழ 600 பேர் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டிடமான பிரெம்னர் மாளிகைக்குள் சென்று அமர்ந்துவிட்டார்கள். அவர்களின் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: மாஃபேஜேயின் நியமனத்தை மீண்டும் உறுதி செய்யுங்கள், அரசின் நிறவெறிக்கு நம் பல்கலைக்கழகம் ஏவலாளாக இருக்க வேண்டாம்.

இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அவர்களில் பெரும்பாலோர் வெள்ளை நிறத்தவர். மாஃபேஜேக்கு இழைக்கப்பட்ட அநீதியால் அவர்களுக்கு ஒரு காசு நட்டமுமில்லை. அவருக்கு நீதி கிடைத்தால் ஒரு காசு லாபமுமில்லை. நிறவெறியின் எல்லாச் சலுகைகளும் அவர்களுக்காகவே உருவாக்கப்பட்டவை. இரண்டாவது, அவர்கள் நேரடியாக அரசை நோக்கிச் செல்லவில்லை. தங்கள் சொந்த நிறுவனத்தின் கதவைத் தட்டினார்கள். "அரசு செய்வது அநியாயம் என்று உங்களுக்கே தெரியும், தெரிந்தும் ஏன் அதற்குக் கையெழுத்திட்டீர்கள்?" என்பதே அவர்கள் நிர்வாகத்திடம் கேட்ட கேள்வியின் சாரம்.

ஒன்பது நாட்கள் அவர்கள் அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, அங்கேயே விவாதித்துக் காலத்தைக் கழித்தார்கள். வெளிநாட்டு மாணவர்களிடமிருந்து ஆதரவுக் குரல்கள் வந்தன. அதே வேளையில், அவர்களை வெறுத்த வேறொரு கூட்டத்தார் வந்து மிரட்டினார்கள். நாளுக்கு நாள் எண்ணிக்கை குறைந்தது. இறுதியில் போராட்டம் கலைந்தது. நியமனம் திரும்பி வரவில்லை. நியமன உரிமையை அரசு பறித்துக் கொண்டது என்று கல்வெட்டு ஒன்றைப் பதித்து, ஆய்வு விருது ஒன்றை ஏற்படுத்தியதோடு பல்கலைக்கழகம் அந்த அத்தியாயத்தை முடித்துக் கொண்டது.

ஆக, மாணவர்கள் தோற்றார்கள். மறைக்காமல் சொல்கிறேன், தோற்றார்கள். நான் அந்த இளைஞரிடம், "நீங்கள் எழுதினால் அரசு மாறிவிடுமா?" என்று கேட்டேன் அல்லவா? 1968ஆம் ஆண்டு கேப் டவுனில் யாராவது அப்படிக் கேட்டிருந்தால், அவர் சொன்னதே சரி என்று அன்று எல்லோரும் கூறியிருப்பார்கள்.

நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த மன்னிப்பு

ஆனால் வரலாறு ஒன்பதாம் நாளோடு நின்றுவிடவில்லை. மாஃபேஜே தான்ஸானியாவின் தாருஸ்ஸலாம், நெதர்லாந்தின் ஹேக், எகிப்தின் கெய்ரோ என்று நாடு நாடாகச் சென்று கற்பித்தார். ஆப்பிரிக்காவின் தலைசிறந்த சமூக அறிஞர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார். அவருடைய அறிவால் பிற நாட்டு மாணவர்கள் பயன் பெற்றார்கள். அவர் பிறந்த மண்ணின் பல்கலைக்கழகம் அதை இழந்தது.

1994ஆம் ஆண்டு நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்தது. அந்த முடிவின் வாசலை 1990ஆம் ஆண்டு திறந்துவைத்த குடியரசுத் தலைவர் எஃப்.டபிள்யூ. டி கிளர்க், அன்று மிரட்டல் விடுத்த அதே அமைச்சரின் மகன் என்பதை நினைக்கும்போது இறைவனின் ஏற்பாடு வியப்பளிக்கிறது. தந்தை அடைத்த கதவை மகனே திறக்க வேண்டி வந்தது.

2003ஆம் ஆண்டு கேப் டவுன் பல்கலைக்கழகம் மாஃபேஜேயிடம் மன்னிப்புக் கோரி, கௌரவ டாக்டர் பட்டம் வழங்கவும் முன்வந்தது. அவர் மறுமொழி தரவில்லை. 2007 மார்ச்சில் அவர் காலமானார். 2008ஆம் ஆண்டு, அந்தப் போராட்டத்தின் நாற்பதாம் ஆண்டில், பல்கலைக்கழகம் அவருடைய குடும்பத்தாரிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. இறந்துவிட்ட அவருக்குக் கௌரவப் பட்டமும் வழங்கியது.

சிந்தித்துப் பாருங்கள். யார் மன்னிப்புக் கேட்டார்கள்? பிரெம்னர் மாளிகையில் அமர்ந்த மாணவர்களா? இல்லை. "நிறுவனத்தின் நலன் கருதி" அமைதியாக இணங்கிப் போனார்களே, அந்த ஆட்சிக்குழுவின் வாரிசுகள்தாம் மன்னிப்புக் கேட்டார்கள். அன்று பல்கலைக்கழகத்தின் பெயரைக் கெடுக்கிறார்கள் என்று பழிக்கப்பட்ட அந்த மாணவர்கள்தாம் அதன் பெயரில் சிறிதளவாவது மானத்தை மிச்சம் வைத்தார்கள். 1968ஆம் ஆண்டைப் பற்றிப் பேசும்போது கேப் டவுன் பல்கலைக்கழகம் இன்று பெருமையோடு நினைவுகூரக் கூடியது அந்த ஒன்பது நாட்களைத்தான்.

ஆகவே, தன் நிறுவனத்தைப் பார்த்து "நீங்கள் செய்வது தவறு" என்று ஒழுங்கோடு கூறும் மாணவர் அந்நிறுவனத்தின் பகைவர் அல்லர். அதன் உண்மையான நலம் நாடுபவர் அவரே. நம் மார்க்கம் 'நஸீஹத்' என்று கூறுவது இதைத்தான்.

தந்தையர் வெளியே நின்ற பட்டமளிப்பு விழா

கேப் டவுன் மாணவர்களைப் புகழ்ந்தேன். ஆனால் அநீதிக்கு ஆளானவர்கள் பிறர் தமக்காகப் பேசுவார்கள் என்று காத்துக் கொண்டிருக்கவும் முடியாது. 1969ஆம் ஆண்டு ஸ்டீவ் பிக்கோ போன்ற கறுப்பின மாணவர்கள், தங்கள் குரலைத் தாங்களே எழுப்ப வேண்டும் என்று தனி மாணவர் அமைப்பைக் கண்டார்கள்.

1972 ஏப்ரலில், இனவாரிச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட டர்ஃப்லூப் நகரின் வடக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா நடந்தது. கறுப்பர்களுக்காக அமைக்கப்பட்ட பல்கலைக்கழகம். பட்டம் பெறுபவர்கள் கறுப்பின மாணவர்கள். ஆனால் அரங்கின் முன்வரிசைகளில் வெள்ளையர்கள் அமர்ந்திருந்தார்கள். தொலைதூரத்திலிருந்து பிள்ளைகளின் பட்டமளிப்பைக் காண வந்த பெற்றோர்களுக்கு உள்ளே இடமில்லை. பட்டதாரிகளின் சார்பில் பேச அழைக்கப்பட்ட ஆப்ரம் டிரோ என்னும் இளைஞர், இந்தக் கொடுமையை மேடையிலேயே நிர்வாகத்தின் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். இனவாரிக் கல்வி முறையே அநீதி என்றார்.

அவர் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். அவருக்காகக் குரல் கொடுத்த மாணவர்களும் நீக்கப்பட்டார்கள். பின்னர் சொவெட்டோவில் உள்ள மாரிஸ் ஐசக்சன் பள்ளியில் வரலாற்று ஆசிரியராகச் சில காலம் பணியாற்றினார். நாட்டை விட்டு போட்ஸ்வானா சென்ற அவர், 1974 பிப்ரவரியில் அஞ்சலில் வந்த வெடிகுண்டால் கொல்லப்பட்டார். அவர் பாடம் நடத்திய பள்ளியின் மாணவர்கள், 1976 ஜூன் 16 அன்று உலகையே உலுக்கிய சொவெட்டோ எழுச்சியின் முன்னணியில் நின்றார்கள். ஓர் உரையின் விதை எங்கே போய் முளைத்தது பாருங்கள்!

மிஹ்ராபிலிருந்து சிறைக்கு

பெரியோர்களே! இதே வரலாற்றில் ஓர் இமாமும் இருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்லாமல் நான் இறங்கினால் என் பதவிக்கே துரோகம் செய்தவனாவேன்.

கேப் டவுன் பல்கலைக்கழகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கிளேர்மாண்ட் என்னும் பகுதி உள்ளது. அங்குள்ள அல்ஜாமிஆ பள்ளிவாசலில் 1955ஆம் ஆண்டு முதல் இமாமாக இருந்தவர் அப்துல்லாஹ் ஹாரூன் (ரஹ்). இளைஞர் சங்கம் கண்டார். இளைஞர்களின் கேள்விகளுக்கு இடமளித்தார். ஏட்டின் வழியாகவும் சமுதாயத்தோடு பேசினார். மக்களை நிறம் பார்த்து வீடுகளிலிருந்து வெளியேற்றும் சட்டம் அநீதி என்று வெளிப்படையாகக் கூறினார். கறுப்பர்களின் குடியிருப்புகளுக்குச் சென்று, பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு உதவினார்.

1969 மே 28 அன்று காவல் துறையினர் அவரைப் பிடித்துச் சென்றனர். 123 நாட்கள் விசாரணையின்றி அடைத்து வைத்தனர். செப்டம்பர் 27 அன்று அவர் சிறையிலேயே ஷஹீதானார். படிக்கட்டில் தவறி விழுந்தார் என்று அரசு கூறியது. உடலெங்கும் காயங்கள் இருந்தன. விலா எலும்பு முறிந்திருந்தது. ஜனாஸாவில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ஆனால் அவர் சிறையில் இருந்த அந்த 123 நாட்களில், பேச வேண்டிய பலர் பேசவில்லை என்பதை அந்நகர முஸ்லிம்கள் இன்றும் வருத்தத்துடன் நினைவுகூர்கிறார்கள். 2023 அக்டோபரில்தான், 54 ஆண்டுகளுக்குப் பின், அவர் சித்திரவதையால் உயிரிழந்தார் என்று கேப் டவுன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்த இமாமின் வரலாற்றைப் படித்தபோது, என்னிடம் வந்த இளைஞருக்கு நான் கூறிய "நமக்கேன் வம்பு" என்ற சொல் என் காதிலேயே திரும்ப ஒலித்தது. நான் வெட்கப்பட்டேன்.

பிறருக்காக எடுத்த உறுதிமொழி

நபித்துவத்திற்கு முன்பே நம் நாயகம் (ஸல்) அவர்கள் கலந்து கொண்ட 'ஹில்ஃபுல் ஃபுளூல்' என்னும் உடன்படிக்கையை நீங்கள் அறிவீர்கள். யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் மக்காவின் செல்வாக்குள்ள பிரமுகர் ஒருவர் சரக்கை வாங்கிக் கொண்டு விலையைத் தர மறுத்தார். வந்தவருக்கு அந்த ஊரில் குலமும் இல்லை, ஆதரவும் இல்லை. அப்போது மக்காவின் சில குலத்தார், அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். இஸ்லாம் வந்த பின்னரும், அத்தகைய ஓர் உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் தாம் இணங்குவதாக நாயகம் (ஸல்) அவர்கள் தெரிவித்ததை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன.

அந்த வணிகர் குறைஷியர் அல்லர். கேப் டவுன் மாணவர்களுக்கு மாஃபேஜே தம் இனத்தவர் அல்லர். நீதி என்பது நம்மவருக்கு மட்டும் கேட்பதன்று. நம் சமுதாயத்தின் உதவித்தொகை நின்றால் மட்டும் கொதித்தெழுந்து, பட்டியலினத்து மாணவரை விடுதியில் ஒதுக்கினால் கண்டும் காணாமல் இருப்போமாயின், நாம் கேட்பது நீதியன்று, பங்கு. மாணவர்களே, இதை நன்றாக மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள்.

மூவருக்கும் மூன்று வேண்டுகோள்

நிறைவாக மூன்று தரப்பினருக்கு மூன்று வேண்டுகோள்.

மாணவச் செல்வங்களே! உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள். ஆனால் முதலில் செய்தியை முழுமையாக அறிந்து கொள்ளுங்கள். அரசாணையைப் படித்த பின்னர் பேசுங்கள். மனுவை மரியாதையான சொற்களில் எழுதுங்கள். எவருடைய உயிருக்கும் உடைமைக்கும் தீங்கு நேரக் கூடாது. கோரிக்கை ஒன்றாக, தெளிவாக இருக்கட்டும். வகுப்பையும் தேர்வையும் விட்டுவிடாதீர்கள். மாஃபேஜேயின் தகுதியை எவராலும் மறுக்க முடியவில்லை. காரணம், அவர் தம் கல்வியை முழுமையாகக் கற்றிருந்தார். உங்கள் கல்வியே உங்கள் வாதத்தின் முதல் சான்று.

பெற்றோர்களே! உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. காவல் நிலையம், வழக்கு, வேலைவாய்ப்பு என்று எத்தனையோ கவலைகள் உங்களுக்கு. அந்த அச்சம் பாசத்திலிருந்து வருவது; அதை நான் குறை கூறவில்லை. ஆனால் பிள்ளை கேட்கும்போது "வாயை மூடு" என்று சொல்வதற்கும், "வா, உட்கார், யோசித்துச் செய்வோம்" என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது பிள்ளையைத் தனிமையாக்கும். தனிமையானவர்தாம் தவறான கைகளில் சிக்குவார். பின்னது அவரைப் பக்குவப்படுத்தும்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! நம்முடைய ஜமாஅத்தும் ஒரு நிறுவனம்தான். கேப் டவுன் ஆட்சிக்குழுவுக்கு நேர்ந்த சோதனை நமக்கும் நேரலாம். அநீதியான ஒன்றுக்கு அதிகாரத்தில் உள்ள ஒருவர் நம்மை இணங்கச் சொல்லலாம். அல்லது நாமே அறியாமல் ஒருவரை ஒதுக்கிவிடலாம். அப்போது நம் இளைஞர்கள் எழுந்து கேட்டால், "நேற்றுப் பிறந்தவர்கள்" என்று தள்ளிவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாணவர்களை அழைத்து அவர்கள் சொல்வதைக் கேட்கும் கூட்டம் ஒன்றை நடத்துங்கள் என்று தாழ்மையோடு கேட்டுக் கொள்கிறேன். அதில் முதல் ஆளாக வந்து அமர நான் தயார்.

அந்த இளைஞரைக் கடந்த ரமளானில் மீண்டும் சந்தித்தேன். "தம்பி, அன்று உங்களுக்கு நான் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்றேன். அவர் புன்னகைத்தார். "பரவாயில்லை ஹஜ்ரத், அன்றே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்றார். அந்த உதவித்தொகை திரும்பி வரவில்லை. அவருக்கு நான் செய்ய வேண்டியிருந்த துணையை நான் செய்யவும் இல்லை. ஆனால் அவர் மனத்தில் குறை எதுவும் இல்லை. என் மனத்தில்தான் இருக்கிறது.

எல்லாம் வல்ல இறைவன், நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நீதியின் பக்கம் நிற்கும் நெஞ்சுரத்தையும், அதைப் பண்போடு எடுத்துரைக்கும் நாவையும் தந்தருள்வானாக. அவர்கள் கேட்கும்போது செவி சாய்க்கும் மனத்தை மூத்தவர்களாகிய நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.